எட்டுப் பிள்ளைகளும் இரண்டு பாஷைகளும்

1920-ஆம் ஆண்டுக்குப் பின் ஜினீவா நகரத்தில் கூடிய எந்தப் பெரிய சபைக்குப் போனவரும் ஒரே பிரசங்கத்தை இரண்டு முறை கேட்டுத்தான் திரும்ப வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுந்து அரை மணி நேரம் பேசி உட்காருவார். அவர் உட்கார்ந்த மாத்திரத்தில், அதுவரை மூலையில் அமர்ந்து காகிதத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்த துபாஷி எழுந்து, அவர் சொன்னதையெல்லாம் ஆதியோடந்தமாக ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். ஆங்கிலேயர் பேசினால் இதே சடங்கு தலைகீழாக நடக்கும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேச்சு நடக்கும்போதே மொழிபெயர்ப்பையும் கேட்கும் வசதி பரவலாவதற்கு முந்திய காலம் அது. முதல் உலக யுத்தம் முடிந்து, இனி இத்தகைய நாசம் நேராதிருக்க ஒரு சர்வதேச சங்கம் அமைப்பதென்று வல்லரசுகள் உடன்பட்டு, அதன் தலைமை ஸ்தானமாகச் சுவிட்ஸர்லாந்தின் இந்த ஏரிக்கரை நகரத்தைத் தேர்ந்தெடுத்தபோது, பிரெஞ்சு, ஆங்கிலம் என்ற இரண்டு பாஷைகளும் அதன் காரியாலய பாஷைகளாயின. சங்கத்தோடு சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் அங்கே வந்து சேர்ந்தது. அதுவரை கடிகாரங்களுக்கும் கால்வினுடைய கண்டிப்பான மதத்துக்கும் பெயர் போன ஊரில், போலந்து தேசத்து வைத்தியரும், அமெரிக்கப் பத்திரிகையாளரும், ஜப்பானிய ராஜதந்திரியும், நார்வே நாட்டுக் கணக்கரும் அடுத்தடுத்த வீடுகளில் குடியேறினார்கள்.

குடியேறியவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். நான் சொல்லப்போகும் சரித்திரம் அங்கேதான் பிறக்கிறது. உலக சமாதானம், மனித ஒற்றுமை என்ற பெரிய வார்த்தைகளெல்லாம் இந்தச் சரித்திரத்தில் பின்னால் வரத்தான் செய்கின்றன. ஆனால் முதலில் வந்தது, 'பையனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது?' என்று ஒரு தகப்பனாருக்கு இராத்திரிச் சாப்பாட்டு வேளையில் தோன்றிய கவலை.

ஜினீவாவில் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. கால்வின் 1559-இல் ஸ்தாபித்த கல்விச்சாலை இன்றுவரை நடந்துவருகிறது. ஆனால் அவையெல்லாம் பிரெஞ்சில் நடப்பவை. ஜினீவாவின் பிள்ளைகளை ஜினீவாவின் பிரஜைகளாக ஆக்குவதற்கென்றே ஏற்பட்டவை. சர்வதேச சங்கத்து உத்தியோகஸ்தரோ மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ இருந்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பக் கூடியவர். திரும்பும்போது அவருடைய குமாரன் தன் நாட்டுச் சர்வகலாசாலையின் பிரவேசப் பரீக்ஷைக்கு உட்கார வேண்டும். அதற்குள் தாய்பாஷையை மறந்தவனாகவும் தன் நாட்டுச் சரித்திரத்தை அறியாதவனாகவும் ஆகியிருந்தால் என்ன செய்வது? மாற்றலாகும் உத்தியோகத்தில் இருந்த பெற்றோருக்கு இந்தக் கவலையை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து டில்லிக்கு மாற்றப்பட்ட ரயில்வே குமாஸ்தாவும் இதே கணக்கைத்தான் போட்டுப் பார்த்தார்.

பல தேசத்துப் பிள்ளைகளை ஒரு கூரையின் கீழ் வைத்துப் படிப்பிக்கலாம் என்ற யோசனை அதற்கு முன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. லண்டன் மாநகருக்கு மேற்கே ஸ்பிரிங் குரோவ் என்ற இடத்தில் சர்வதேசக் கலாசாலை ஒன்று எழுந்து, 1867-இல் வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்துவைத்தார். சுங்கமற்ற வியாபாரத்தின் பெரிய பிரசாரகரான ரிச்சர்ட் காப்டன் முதலியோர் அதற்குத் தூண்டுகோலாக இருந்தார்கள்; விஞ்ஞானப் பாடங்களை வகுப்பதில் ஹக்ஸ்லி, டிண்டல் என்ற விஞ்ஞானிகள் கைகொடுத்தார்கள். லத்தீனையும் கிரேக்கத்தையும் சற்றே ஓரத்தில் ஒதுக்கி, விஞ்ஞானத்துக்கும் உயிருள்ள பாஷைகளுக்கும் முதலிடம் தருவது அதன் கொள்கை. பாரிஸுக்கு அருகே ஒரு பள்ளி, ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் பான் நகருக்கு அருகே ஒரு பள்ளி, லண்டனில் ஒரு பள்ளி என்று இருக்க, மாணாக்கன் அவற்றில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய், படிப்பில் ஒரு படியும் குறையாமல், மூன்று பாஷைகளோடு வெளியே வருவான் என்பது திட்டம். சாமான்கள் தடையின்றி எல்லை கடந்து போவதுபோல் பையன்களும் போகலாம் என்று அந்த வியாபார வேதாந்திகள் நினைத்திருக்க வேண்டும். 1870-இல் பிரான்ஸும் ஜெர்மனியும் யுத்தத்தில் இறங்கிய பிறகு திட்டத்தின் கால் முறிந்தது. லண்டன் பள்ளி மட்டும் நொண்டிக்கொண்டே நடந்து 1889-இல் மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தில் உபாத்தியாயர் பயிற்சிக் கலாசாலை ஒன்று குடியேறிற்று.

சுவிட்ஸர்லாந்திலேயே வேறொரு வகைப் பள்ளிகளும் இருந்தன. ஜினீவா ஏரியின் கரையில் ரோல் என்ற ஊரில் 1880-இல் தொடங்கிய லெ ரோஸே அவற்றுள் பிரசித்தமானது. குளிர்காலத்தில் பள்ளி முழுவதும் பெட்டி படுக்கையோடு க்ஷ்டாட் என்ற மலையூருக்குக் குடிபெயர்ந்துவிடும். காலையில் பாடம், பிற்பகலில் பனிச்சறுக்கு. ஈரானின் கடைசி ஷா அங்கே படித்தவர். அரச குடும்பங்களும் செல்வச் சீமான்களும் பிள்ளைகளை அனுப்பிய இத்தகைய பள்ளிகளிலும் பல தேசத்தவர் கலந்திருந்தார்கள், பாஷைகளும் கலந்திருந்தன. ஆனால் அந்தக் கலப்பு, பெரிய ஹோட்டலில் பல ஊர்க்காரர் ஒரே மேஜையில் சாப்பிடுவது போன்றது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு உற்சாகமில்லை.

ஜினீவா உத்தியோகஸ்தர்கள் செய்தது வேறு. சங்கத்தின் செய்தி இலாகாவில் இருந்த அமெரிக்கர் ஆர்தர் ஸ்வீட்ஸர், சுகாதாரப் பிரிவின் தலைவரும் பிற்காலத்தில் யூனிசெப் பிறக்கக் காரணமாயிருந்தவருமான போலந்து வைத்தியர் லுட்விக் ரைக்மன், ஜினீவாக்காரரான பொருளாதாரப் பேராசிரியர் வில்லியம் ராப்பார் முதலானோர் ஒன்று சேர்ந்தார்கள். பள்ளி யாருக்கும் லாபம் தரும் தொழிலாக இருக்கக் கூடாது, பெற்றோரே அதன் பொறுப்பாளிகளாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பணம் சொற்பம், கட்டடம் கிடையாது. அப்போது கைகொடுத்தவர் அடோல்ப் பெரியேர் என்ற சுவிஸ் கல்வி சாஸ்திரி. 1924 செப்டம்பர் 17-ஆம் தேதி, அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமான மர வீட்டில், எட்டுப் பிள்ளைகளோடும் மூன்று உபாத்தியாயர்களோடும் ஜினீவா சர்வதேசப் பள்ளி ஆரம்பமாயிற்று. பால் மெயோபர் என்பவர் முதல் தலைவர். பள்ளியின் பெயர் பிரெஞ்சில் நீளமானதாக இருந்ததால், அது சுருங்கி 'எகோலின்ட்' ஆகிவிட்டது. அந்தச் செல்லப் பெயரே இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது.

பெரியேரைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தையைப் பெஞ்சில் கட்டிப்போட்டு மனனம் செய்விக்கும் பழைய முறைக்கு எதிராக, கையால் செய்து கண்ணால் கண்டு கற்கும் 'புதிய கல்வி' ஐரோப்பாவில் எழுந்த காலம் அது. அந்த இயக்கத்தின் கடிதப் போக்குவரத்தெல்லாம் கூடும் தபால் நிலையம்போல் இருந்தவர் அவர். இருபது வயதிலேயே புதிய பள்ளிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டும் சர்வதேச நிலையம் ஒன்றை ஏற்படுத்தியவர். ஆனால் பாவம், செவிப்புலன் போய்விட்டதால் வகுப்பில் நின்று பாடம் நடத்தும் பாக்கியத்தை இழந்தவர். குழந்தைகளின் குரலைக் கேட்க முடியாத ஒருவர் தம் வீட்டை இரண்டு பாஷைகள் இரையும் பள்ளிக்கூடத்துக்குத் தந்தார் என்பதை நினைக்கும்போது மனம் சற்றே நெகிழ்கிறது.

இரண்டு பாஷைகள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பத்து வயதுக் குழந்தைக்கு அது எத்தகைய அனுபவம் என்பதைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஆங்கில வகுப்பில் உபாத்தியாயரையும் தோழனையும் தோட்டக்காரனையும் ஒரே பதத்தால் விளித்துப் பழகிய குழந்தை, அடுத்த அறைக்குப் போனதும் 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று வாயைத் திறக்குமுன் தீர்மானித்தாக வேண்டும். தமிழ்க் குழந்தைக்கு இதில் சிரமமிராது, அமெரிக்கக் குழந்தைக்கு இது பெரிய சங்கடம். மேஜை பெண்பால் என்றும் புஸ்தகம் ஆண்பால் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். சரி, பாஷைதான் இப்படி, கணக்கு எல்லோருக்கும் பொதுவாயிற்றே என்று அங்கே ஓடினால் அங்கும் நிம்மதியில்லை. பிரெஞ்சு முறையில் ஏழு என்ற இலக்கத்துக்கு இடுப்பில் ஒரு கோடு உண்டு. ஒன்று என்ற இலக்கத்துக்கு நெற்றியில் நீண்ட கொடி உண்டு. ஆங்கிலப் பள்ளியில் படித்த கண்ணுக்கு அந்த ஒன்று ஏழாகத் தெரியும். தசம ஸ்தானத்துக்கு ஆங்கிலேயர் புள்ளி வைப்பார்கள், பிரெஞ்சுக்காரர் காற்புள்ளி இடுவார்கள். வகுத்தல் கணக்கில் வகுக்கும் எண்ணை ஒருவர் இடப்புறம் எழுதினால் மற்றவர் வலப்புறம் எழுதுவார்.

இன்னும் வேடிக்கை, பிரெஞ்சே அங்கே ஒரு பிரெஞ்சாக இல்லை. பாரிஸிலிருந்து வந்தவருக்கு எழுபது என்பது 'அறுபத்துப் பத்து'. தொண்ணூறு என்பது 'நாலு இருபதும் பத்தும்.' ஜினீவாக்காரருக்கோ எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் சுருக்கமான தனிப் பெயர்கள் உண்டு. பாரிஸ் உபாத்தியாயரிடம் எண் கற்ற பையன் பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கப் போனால், கடைக்காரி சொல்லும் விலை அவனுக்கு மூன்றாவது பாஷையாக ஒலித்திருக்கும். நம்முடைய 'தொண்ணூறு' மட்டும் என்ன, ஒன்பதுக்குப் பத்தைச் சேர்த்தவுடன் நூற்றின் சாயல் எப்படி அதில் வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்டால் இலக்கணப் புலவர்களை அல்லவா தேட வேண்டியிருக்கிறது! ஆகையால் பாரிஸ்காரர்களைப் பார்த்து நாம் நகைப்பதற்கில்லை.

இந்தத் தொல்லைகளையெல்லாம் தொல்லைகளாகக் கருதாமல் கல்வியின் சாதனங்களாகவே ஆக்கிக்கொண்டவர் 1929-இல் தலைமை ஏற்ற மேரி தெரேஸ் மொரெட் அம்மையார். பிரெஞ்சு மாது, கணவர் பெர்னான் மொரெட் பூகோள சாஸ்திரி, தொழிலாளர் ஸ்தாபனத்தில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர். அந்த வருஷமே, பிள்ளைகளின் தொகை பெருகி மர வீடு கொள்ளாமற் போனபடியால், லா கிராண்ட் புவாஸியேர் என்ற விசாலமான பழைய தோட்டமாளிகை பள்ளிக்குக் கிடைத்தது. மரங்களும் புல்வெளியும் சூழ்ந்த அந்த இடத்தில் இருபது வருஷம் அம்மையார் ஆட்சி புரிந்தார்.

அம்மையாருடைய கொள்கை ஒன்றை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இந்தப் பள்ளியின் சரித்திரத்தில் என் மனத்துக்கு மிகவும் உவந்த பாகம் இதுவே. பூகோளத்தை எங்கே தொடங்குவது என்பதுதான் பிரச்னை. எல்லாத் தேசங்களிலும் குழந்தைக்கு முதலில் அதன் ஊர், பிறகு ஜில்லா, பிறகு மாகாணம், பிறகு தேசம், கடைசியில் போனால் போகிறதென்று உலகம் என்ற கிரமத்தில் பாடம் நடக்கும். குழந்தை உலகத்துக்கு வந்து சேரும்போது அதன் தேசம் உலகத்தின் நடுவே அசைக்க முடியாதபடி உட்கார்ந்திருக்கும். பிரான்ஸில் அச்சான படத்தில் பிரான்ஸும், இங்கிலாந்தில் அச்சான படத்தில் இங்கிலாந்தும் நடுநாயகமாக விளங்கும். ஒரே வகுப்பில் பத்துத் தேசத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தேசத்தை நடுவில் வைப்பது? அம்மையாரின் தகப்பனார் பால் டுபுயி இதற்கு விடை கண்டார். தட்டையான படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, உருண்டையைக் கையில் எடுத்தார். உருண்டையின் மேற்பரப்புக்கு நடு என்று ஓர் இடம் கிடையாது. கடல்கள், கண்டங்கள், மலைத்தொடர்கள், காற்றும் மழையும் போகும் வழி, மனிதர் நெருங்கி வாழும் பிரதேசங்கள் இவையெல்லாம் பழகிய பின்பே எல்லைக்கோடுகள்.

நாம் இந்தப் பாடத்துக்கு வைத்திருக்கும் பெயரே பூகோளம். பூமி ஆகிய கோளம், அதாவது உருண்டை. அப்படியிருந்தும், நான் படித்த காலத்தில் பூகோளப் பாடம் என்பது சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஜில்லாப் படத்தில் பிரம்பு நுனியால் ஆறுகளைத் தொட்டுக் காட்டுவதாகவே இருந்தது. உருண்டை ஒன்று தலைமை உபாத்தியாயரின் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது; அது சுழன்றதை நான் கண்டதில்லை.

டுபுயியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. பாரிஸில் பிரான்ஸின் மேதைகளையெல்லாம் உருவாக்கிய எகோல் நார்மால் கலாசாலையில் நெடுங்காலம் காரியதரிசியாக இருந்தவர் அவர். இருபது வயதில் துப்பாக்கிச் சண்டையில் மாண்டுபோன கணித மேதை கலுவாவின் வாழ்க்கையை, பத்திரங்களைத் தேடித் திரட்டி, 1896-இல் முதன்முதலாக விரிவாக எழுதியவரும் அவரே. கலுவாவைப் பற்றி எழுதும் எவரும் இன்றுவரை அந்தச் சரித்திரத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை. இத்தகைய பெரியவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, எழுபது வயதை எட்டிய நிலையில், மகள் இருந்த ஊருக்கு வந்து, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு உருண்டையைச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். சர்வகலாசாலையில் கற்பித்தவர்கள் சின்னஞ்சிறு வகுப்புக்கு இறங்கி வருவதைக் கௌரவக் குறைவாக எண்ணும் நம் உபாத்தியாயர்கள் இவரை அறிந்திருந்தால் நன்றாயிருக்கும்.

சரித்திரமும் அப்படியே. தனித்தனித் தேசத்தின் அரசர் வரிசையாக இல்லாமல், ஒரே காலத்தில் சீனத்தில் என்ன, இந்தியாவில் என்ன, ரோமாபுரியில் என்ன என்று சேர்த்துக் காணும் உலக சரித்திரத்தை, பன்னிரண்டு பதின்மூன்று வயதாகும்போது பிள்ளைகள் கற்றார்கள். இதை எழுதும்போது நமக்கு மிக அணுக்கமான ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. 1926-இல் ஜவாஹர்லால் நேரு, க்ஷயரோகத்தால் நலிந்த கமலாவுக்குச் சிகிச்சை செய்விக்கும் பொருட்டு ஜினீவாவுக்குப் போய்த் தங்கினார். எட்டு வயதுக் குமாரி இந்திராவை இந்தச் சர்வதேசப் பள்ளியில் சேர்த்தார். அலாகாபாத்தின் ஆனந்த பவனத்தில், வீட்டுப் பெரியவர்கள் சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்த சூழ்நிலையில் வளர்ந்த குழந்தை, சர்வதேச சங்கத்து உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகளோடு பெஞ்சைப் பகிர்ந்துகொண்டு பிரெஞ்சு கற்கலாயிற்று. அங்கே இந்திரா நெடுநாள் படிக்கவில்லை. பிறகு பெக்ஸ் என்ற ஊரிலிருந்த வேறொரு பள்ளிக்குப் போனார். அப்போது மொரெட் அம்மையார் தலைவியாகவும் ஆகவில்லை. ஆயினும், நாலு வருஷத்துக்குப் பின், 1930-இல் சிறைக்குள் இருந்தபடி, அதே மகளுக்கு, அவளுடைய பதின்மூன்றாவது பிறந்த நாளை முன்னிட்டு, நேரு எழுதத் தொடங்கிய கடிதங்கள் எதைப் பற்றியவை? கிரேக்கத்தையும் சீனத்தையும் இந்தியாவையும் அரபு தேசத்தையும் ஒரே நூலில் கோத்துக் காட்டும் உலக சரித்திரம்! ஜினீவாவில் கற்ற பாடத்தை அவர் அலாகாபாத்துச் சிறையில் ஒப்புவித்தார் என்று சொல்ல நான் துணியமாட்டேன், அதற்கு ஆதாரமில்லை. ஒரே காற்று இரண்டு ஜன்னல்களிலும் வீசியது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தக் காற்று நெடுநாள் வீசவில்லை. 1933-இல் ஜப்பானும் ஜெர்மனியும் சர்வதேச சங்கத்தைவிட்டு விலகுவதாக அறிவித்தன. 1937-இல் இத்தாலியும் அப்படியே செய்தது. ஒரு தேசம் சங்கத்தைவிட்டுப் போனால் அந்தத் தேசத்து உத்தியோகஸ்தர்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான், அவர்களோடு பிள்ளைகளும். உலகத்தின் அரசியல் மாறுதலை மற்றவர்கள் பத்திரிகையில் படித்தார்கள்; இந்தப் பள்ளிப் பிள்ளைகள் காலியான நாற்காலிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஏரிக்கு மேலே வெள்ளைக் கல்லில் சங்கத்துக்கென்று பிரம்மாண்டமான மாளிகை எழும்பி முடியும் சமயத்தில், அதில் உட்கார்ந்து செய்வதற்குச் சங்கத்துக்குக் காரியம் இல்லாமற் போய்விட்டது. இரண்டாவது யுத்தம் மூண்டதும் மாணாக்கர் தொகை வெகுவாகச் சுருங்கிற்று. ஆனாலும் பள்ளி மூடப்படவில்லை. ஸ்பிரிங் குரோவ் திட்டத்தை முறித்ததும் யுத்தமே அல்லவா? அதைவிட நூறு மடங்கு பெரிய யுத்தத்தை ஜினீவாப் பள்ளி தாக்குப்பிடித்ததற்குக் காரணம், கொள்கையின் பலத்தைவிடச் சுவிட்ஸர்லாந்தின் நடுநிலைமை என்றே நான் கருதுகிறேன்.

யுத்தம் முடிந்து யுனெஸ்கோ ஏற்பட்டபின், சமாதானத்துக்கான கல்வி முறைகள் என்று உண்மையில் ஏதாவது உண்டா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து, மொரெட் அம்மையார் 1948-இல் ஓர் அறிக்கை எழுதினார். உருண்டையும், உலக சரித்திரமும், இரண்டு பாஷைப் பயிற்சியும் அதில் முக்கியமாகப் பேசப்பட்டன. தகப்பனார் டுபுயி காலமானதும் அந்த வருஷத்தில்தான். மறு வருஷம் அம்மையார் ஓய்வு பெற்றார்.

பிறகு வந்த காலம் ஆங்கிலத்தின் காலம். சர்வதேச சங்கத்தின் இடத்தில் ஐக்கிய நாடுகள் சபையும் அதன் கிளை ஸ்தாபனங்களும் ஜினீவாவில் காரியாலயம் நடத்தின. அமெரிக்க வியாபாரக் கம்பெனிகளும் வந்தன. ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பெருகப் பெருக, பள்ளி தானாகவே ஆங்கிலப் பிரிவு, பிரெஞ்சுப் பிரிவு என்று இரண்டாகப் பிரிந்தது. ஒரே தோட்டத்தில், ஒரே மணியோசைக்குக் கட்டுப்பட்டு, இரண்டு பள்ளிகள். எட்டுப் பிள்ளைகள் இருந்தபோது யாரும் திட்டமிடாமலே இரண்டு பாஷைகளும் வந்தன. ஒருவனோடு விளையாட வேண்டுமானால் அவனுடைய பாஷையில் பேசித்தான் ஆக வேண்டும். நூற்றுக்கணக்கானவர் சேர்ந்தபோது, தன் பாஷைக்காரர்களோடு மட்டுமே பழகி ஒருவன் பள்ளி வருஷங்களையெல்லாம் கழித்துவிட முடிந்தது. இரு மொழிப் பள்ளி என்று விளம்பரப் பலகை வைக்கும் எந்த ஸ்தாபனத்திலும் இந்த அபாயம் உண்டு. பாட அட்டவணையில் இரண்டு பாஷை இருப்பது வேறு. விளையாட்டு மைதானத்தில் இருப்பது வேறு.

அந்தச் சமயத்தில் மாணவர் வாழ்க்கைக்கு ஒரு புது உயிர் கொடுத்தவர் ராபர்ட் லீச் என்ற அமெரிக்க உபாத்தியாயர். குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்தவர், சரித்திரம் கற்பித்தவர். 1953-இல் அவருடைய தூண்டுதலால் பிள்ளைகள் ஐக்கிய நாடுகள் சபையைப் போல மாணவர் சபை ஒன்றைக் கூட்டினார்கள். தன் சொந்தத் தேசத்தின் பிரதிநிதியாக இல்லாமல் வேறொரு தேசத்தின் பிரதிநிதியாக நின்று, அந்தத் தேசத்தின் நியாயத்தை எடுத்துப் பேச வேண்டும் என்பதே இவ்விளையாட்டின் ரசம். பிற்காலத்தில் இந்தச் சபை உண்மையான ஐக்கிய நாடுகள் மாளிகையிலேயே கூடுவது வழக்கமாயிற்று. பெரியவர்கள் உட்கார்ந்து உலகத்தைச் சரிப்படுத்தத் தவறிய அதே நாற்காலிகளில் பிள்ளைகள் அமர்ந்தார்கள். ஆனால் சமாதானப் பள்ளியில் படித்தவர்களெல்லாம் சமாதானத் தூதராகிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பதும் பேதைமை. 1991-இல் வளைகுடா யுத்தத்தில் அமெரிக்கச் சேனைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஷ்வார்ட்ஸ்கோப்பும் சிறுவனாக இருந்தபோது இங்கே படித்தவர்தான்.

இத்தனைக்கும் நடுவே, 1924-இல் தகப்பனாருக்குத் தோன்றிய அந்தப் பழைய கவலை தீராமலே இருந்தது. கீழ் வகுப்புகளில் எல்லோரும் சேர்ந்து படிப்பார்கள். மேல் வகுப்புக்கு வந்ததும், இங்கிலாந்துக்குப் போகிறவன் ஆங்கிலப் பரீக்ஷைக்கும், பிரான்ஸுக்குப் போகிறவன் பாக்கலொரெயா பரீக்ஷைக்கும், சுவிஸ்காரன் மதுரிதே பரீக்ஷைக்கும், அமெரிக்கன் தன் கலாசாலைச் சபை நடத்தும் சோதனைக்கும் தனித்தனியே தயாராக வேண்டும். வகுப்பு நாலைந்து பேர் கொண்ட துண்டுகளாகச் சிதறும். பத்து வருஷம் உருண்டையைச் சுழற்றிக் கற்ற பிள்ளை, கடைசி இரண்டு வருஷத்தில் தன் தேசத்துத் தட்டைப் படத்துக்குத் திரும்பிவிடும். உபாத்தியாயர்களுக்கு இதைவிட மனவேதனை தரக்கூடியது வேறென்ன இருக்க முடியும்?

1962-இல், யுனெஸ்கோவின் சிறு நன்கொடையைக் கொண்டு, சர்வதேசப் பள்ளிகளின் சமூக பாட உபாத்தியாயர்களை லீச் ஜினீவாவில் ஒரு மகாநாட்டுக்கு அழைத்தார். எல்லாத் தேசங்களின் சர்வகலாசாலைகளும் ஏற்றுக்கொள்ளும்படியான ஒரே பரீக்ஷையை நாமே ஏன் நடத்தக் கூடாது என்ற யோசனை அங்கே எழுந்தது. ஒரு பள்ளிக்கூடம் தன் பரீக்ஷையை உலகத்துச் சர்வகலாசாலைகள் ஏற்க வேண்டுமென்று கேட்பது, கிராமத்துத் தட்டான் சொந்தமாக நாணயம் அடித்துக் கடைவீதியில் கொடுப்பதற்குச் சமானம். அப்படியும் அதைச் செய்தார்கள். முதலில் ஒரே ஒரு பாடத்தில், சமகாலச் சரித்திரத்தில், சோதனை நடந்தது. அமெரிக்காவின் டுவென்டியெத் செஞ்சுரி நிதி 75,000 டாலர் அளித்தது. போர்டு நிதியும் பின்னர் உதவிற்று. ஆக்ஸ்போர்டில் கல்வித் துறைத் தலைவராக இருந்த அலெக் பீட்டர்ஸன் பொறுப்பேற்று, சர்வகலாசாலைகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஆறு பாடங்கள், அவற்றில் சொந்த பாஷை ஒன்றும் அந்நிய பாஷை ஒன்றும் இருந்தாக வேண்டும், அறிவு என்பது எப்படி உண்டாகிறது என்று விசாரிக்கும் ஒரு தனிப் பாடம், சொந்த ஆராய்ச்சியாக ஒரு கட்டுரை, ஏட்டுக்கு வெளியே கைவேலையும் சமூக சேவையும். இந்த அமைப்பைப் பார்க்கும்போது, மர வீட்டில் பெரியேர் கண்ட கனவும் உருண்டையோடு நின்ற டுபுயியின் நிழலும் தெரிகின்றன அல்லவா? 1968-இல் 'இன்டர்நேஷனல் பாக்கலொரெயட்' என்ற ஸ்தாபனம் ஜினீவாவில் சட்டப்படி பதிவாயிற்று. 1970-இல் முறையான முதல் பரீக்ஷைகள் நடந்தன. ஐ.பி. என்ற இரண்டெழுத்தால் இப்போது உலகெங்கும் அறியப்படுவது இதுவே. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகள் இதன் பாடத்திட்டங்களை நடத்துகின்றன.

எகோலின்ட் பள்ளியோ இன்று மூன்று வளாகங்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கரோடு இருக்கிறது. 2024-இல் நூறு வயது கண்டது. பள்ளிச் சம்பளம் சாமானியருக்கு எட்டாதது. உத்தியோகஸ்தரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அவரவர் ஸ்தாபனமே கட்டிவிடுகிறது. பல தேசத்துப் பிள்ளைகள் கலந்திருக்கும் இடம் அது என்பது உண்மை. பல நிலைமைப் பிள்ளைகள் கலந்திருக்கும் இடம் என்று சொல்ல முடியாது. தேசத்தின் எல்லையைத் தாண்டுவது சுலபமாகவும் வருமானத்தின் எல்லையைத் தாண்டுவது கடினமாகவும் இருந்துவந்திருக்கிறது.

நம் நாட்டில் இந்தப் பரீக்ஷையை முதலில் ஏற்றுக்கொண்ட பள்ளி கொடைக்கானலில் இருக்கிறது. மதுரைச் சீமையில் ஊழியம் செய்துவந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், கோடை வெயிலுக்கு அஞ்சி மலையேறியவர்கள், தங்கள் பிள்ளைகளை ஏழு கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு வருஷக்கணக்கில் பிரிந்திருக்க மனமில்லாமல், அந்தப் பிள்ளைகள் பின்னால் அமெரிக்கக் கலாசாலைகளில் சேர்வதற்கு வேண்டிய படிப்பை இங்கேயே தருவதற்காக, 1901-இல் அதைத் தொடங்கினார்கள். ஹைகிளர்க் என்பது அதன் பழைய பெயர். ஜினீவாவின் தகப்பனார்களுக்கு இருபத்துமூன்று வருஷம் முன்பே அதே கவலை கொடைக்கானல் மலையில் முளைத்துவிட்டது. 1976-இல் ஜினீவாவின் பரீக்ஷை அங்கே வந்து சேர்ந்தது. கொடைக்கானல் ஏரிக்கு ஏறத்தாழ எதிரே, ஏழு ரோடு கூடுகிற சந்திப்பில் பள்ளியின் கல் சுவர் நிற்கிறது. ஐ.பி. பரீக்ஷை நடப்பது மே மாதத்தில். சமவெளியின் வெயிலுக்குத் தப்பி வந்த பஸ்களும் கார்களும் ஏழு ரோட்டில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்க, வேர்க்கடலையும் சோளக்கதிரும் விற்பவர்கள் சுவரோரம் குரல் கொடுத்துக்கொண்டிருக்க, உள்ளே பிள்ளைகள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள்.